உங்கள் இரத்தத்தில் குறையில்லை, அக்கா

என்றைக்கும் என் பக்கமே நின்ற அக்காவுக்கு,

வெள்ளவத்தையில் எல்லாரும் சுகம். கடற்கரைப் பக்கம் புதிதாக ஒரு ஆமிக் காவல் சென்றி போட்டிருக்கிறார்கள். மரக்கறி வாங்கப் போனாலும் ஐடென்டிற்றி கேட்கிறார்கள். உங்கள் மகள் வதனிக்கு ஹெந்தளையில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெடியன் நல்லவன், அவளோடு கதைக்கவென்றே சைகை மொழி பழகுகிறான். அவனுடைய தாய்தான் ஒரு கேள்வி கேட்டனுப்பினா: காது கேளாதது பரம்பரையா?

எங்கள் மாமியின் பதில் உங்களுக்குத் தெரியும். "தாய்வழி இரத்தம் சரியில்லை" என்று நீங்கள் கண்மூடும்வரை சொன்னாவே! நீங்கள் அவவின் சொந்த அண்ணன் மகள். ஆனால் பழியை மட்டும் கவனமாக உங்கள் அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டா. கெட்டிக்காரி.

வதனியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

"இவ வயித்தில இருக்கேக்க தாய்க்குக் காய்ச்சல், தடிப்பு ஏதும் வந்ததோ?"

"வருத்தம் ஒண்டும் இல்லை டொக்டர். அம்மாள்தான் வந்தது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஞாபகம் இருக்கா அக்கா? இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சுமந்தோம். தடிப்பும் ஒரே கிழமையில்தான் வந்தது. மாமி வாசலில் வேப்பிலை கட்டினா. அம்மாளை வருத்தம் என்று சொன்னால் அந்தத் தெய்வம் கோபிக்கும் என்று, கிளினிக்கில் நேர்ஸ் கேட்டபோதும் இரண்டு பேரும் இல்லையென்று தலையாட்டினோம். அது ஜேர்மன் சின்னமுத்து, ருபெல்லா என்கிற வைரஸ் காய்ச்சல் என்று டொக்டர் சொல்லி இப்போதுதான் தெரியும்.

"எனக்கும் அப்ப வந்ததே, என்ர மகனுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அந்த வைரஸ் எல்லாத் தாயிலயும் ஒரே மாதிரிப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. எத்தனையாம் மாசம் எண்டது முக்கியம். தாய் பிறக்கேக்கையே கொண்டு வந்த உடல்வாகும் ஒரு காரணமா இருக்கலாம். முழுசா இன்னும் ஆருக்கும் தெரியாது. அது குற்றமில்லை அம்மா. காது போனது அந்த வைரஸால. இவவின்ட பிள்ளையளுக்கு அது போகாது."

என் மகன் சுகமாகப் பிறந்ததை என்னுடைய கெட்டித்தனம் மாதிரி மாமி கொண்டாடினாவே, அது வெறும் அதிர்ஷ்டம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோடு கோபிப்பது?

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெந்தளைக்குத் தானும் வரவேண்டும் என்று மட்டும் அடம்பிடித்தா. களனிப் பாலத்தடியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கிச் சோதித்தார்கள். ஆமிக்காரன் வதனியிடம் ஏதோ கேட்க நான் குறுக்கே போனேன். வதனியோ காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஐடென்டிற்றியை நீட்டினாள். உங்கள் மகள் அல்லவா!

அங்கே போனதும், டொக்டர் சொன்னதை ஒழுங்காகச் சொல்ல வாயெடுத்தேன். மாமி முந்திவிட்டா.

"பரம்பரை இல்லைத் தங்கச்சி. சுமக்கேக்க வந்த காய்ச்சலால வந்தது. என்ர மருமகளில ஒரு குறையும் இல்லை. நான்தான் விசரி மாதிரிச் சொல்லித் திரிஞ்சனான்."

பெடியனின் தாய் வதனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. பிறகு, "அப்ப கலியாணத்தைத் தையில வைப்பமோ?" என்றா.

இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும், அக்கா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். மாமியும் அழுதா. என்ன பிரயோசனம்?

மணவறையில் உங்கள் இடத்தில் நான்தான் நிற்பேன். ஆனால் பெண்ணின் தாய் யாரென்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் உங்கள் பெயரைத்தான் சொல்லுவேன். சபை முழுக்கக் கேட்கச் சொல்லுவேன்.

உங்களுக்குத் தங்கையாகவே இருந்துவிட்ட ஓரகத்தி,
சாந்தி