கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம்

இன்று காலை எலிக்கூண்டுகளில் பரப்பப் புது உமி மூட்டையைப் பிரித்தேன். அந்தத் தூசி வாடை மூக்கில் ஏறியதும், நீ தும்மிக்கொண்டே திட்டுவது காதில் கேட்டது.

நாம் எம்.ஃபார்ம் படித்தபோது கல்லூரி எலி அறையில் நமக்கு வாய்த்த வேலை நினைவிருக்கும். மூளையில் முயற்சிக்கு உதவும் ஒரு சிறு பகுதியை மருந்து செலுத்திச் சிதைத்த எலிகள் அவை. பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் நிறையச் சர்க்கரை உருண்டைகள், குறுக்கே ஏறிக் கடக்க வேண்டிய கம்பித் தடுப்பு. மறுபக்கம் கொஞ்சம்தான், ஆனால் தடுப்பு கிடையாது. மூளை பழுதாகாத எலிகள் தடுப்பில் ஏறின. நம் எலிகள் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத் திரும்பின.

"சோம்பேறி நாயிங்க," என்றேன்.

"எலியப் போயி நாயின்றியேடி. அந்தத் தடுப்ப எடுத்துட்டு வுடு, பாப்போம்."

தடுப்பை எடுத்துவிட்டு எலிகளை விட்டோம். நேராக நிறைய இருந்த பக்கம் ஓடின.

"பாத்தியா? எது ஜாஸ்தி, எது கம்மின்னு அதுக்கு நல்லா தெரிது. ஏறுற தெம்பத்தான் நாம அறுத்துட்டோம்," என்றாய்.

அடுத்த பருவத்தில் உனக்கு விடுதியில் இடம் தரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மாறி நீ வந்து சேரப் பத்தரை ஆகும். சோதனை எட்டு மணிக்கு. எலிகளின் பசி மாறக்கூடாது, அதனால் தினமும் ஒரே நேரம் என்பது விதி. அந்தப் பருவம் முழுக்க வந்து, சோதனை முடித்துப் பூட்டிய கதவின் முன் நின்றாய்.

"மலையிலேர்ந்து வர்றவங்களுக்கு நெலச்சு நிக்கிற புத்தி இல்லம்மா," என்றார் துறைத்தலைவர், உன் முகத்துக்கு நேராக. குறுக்கே தடுப்பை வைத்தவர்களே உன்னைச் சோம்பேறி என்றார்கள்.

"வூட்டுக்குப் போறேன்டி. எலிங்கள பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் படிப்பை நிறுத்தினாய். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை முற்றி, மலையிலிருந்து உன்னை இறக்கிக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாய்.

இப்போது அந்த எலி அறை என் பொறுப்பில் இருக்கிறது. யாராவது ஓர் எலியைச் சோம்பேறி என்றால், தடுப்பை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தினமும் ஒரே நேரம் என்ற விதியை நானும் மாற்றவில்லை. அந்த நேரத்தைப் பதினொரு மணி ஆக்கினேன், அவ்வளவுதான். மலைப் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி நேரத்துக்கு வந்துவிடுகிறாள்.

எலிகளுக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. அன்றும் கெட்டிருக்காது.