படகில் ஏறிய சாமுராய்

எண்ணூர் குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

என் மாமா பொன்ராஜ் அவர்களுக்கு உங்கள் மங்கை எழுதுவது. நானும் மகள் சினேகாவும் நலம். உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் புழல் சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். மறைக்க ஒன்றுமில்லை, நிதானமாகப் படிக்கட்டும்.

இருமல் நின்றதா? வீறாப்பு பார்க்காமல் மருந்து கேட்டு வாங்குங்கள். ஆற்றில் அனல்மின் கம்பெனியின் சாம்பல் தண்ணீர் குழாய் வழியாக இன்னும் விழுகிறது. இறால் கண்ணில் படவில்லை. நான் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறேன், அடுப்பு எரிகிறது.

அதற்கு இரண்டாவது குழாய் பதிக்க வந்தவர்களை நீங்கள் குறுக்கே விட்டு மறித்த நம் படகை, வழக்குக்காக இழுத்துப்போக போலீஸ்காரர்கள் கிரேனோடு வந்தார்கள். அந்தக் கூத்தைக் கேளுங்கள். சினேகா ஓவியக் கல்லூரியில் ஜப்பான் படங்கள் பார்த்திருக்கிறாள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சடிப்பார்களாம். அதில் ஒரு சாமுராய், அந்த ஊர்ப் போர்வீரன். உடம்பெல்லாம் அம்பு தைத்தும் விழாமல் வாளோடு நிற்கிறான். அப்பா மாதிரி இருக்கிறான் என்று படகின் முன்பக்கம் பெரிதாக வரைந்துவிட்டாள். உருட்டிய கண், இறுக்கிய வாய். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் அத்தை பார்த்துவிட்டு, "நம்ம முனீஸ்வரன்டி, இன்னா கோவமா கீறாரு பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரம் என்று குப்பமே கூடிவிட்டது. சினேகா வாயைத் திறந்தாள், நான் கிள்ளிவிட்டேன்.

கிரேன் டிரைவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். "சாமி கீற படகுல கொக்கி மாட்ட மாட்டேன் சார், எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று திரும்பிப் போய்விட்டார். படத்தில் இருப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன, கற்பூரம் காட்டியபின் அவர் நம் சாமிதான்.

அன்றிலிருந்து கம்பெனி காண்ட்ராக்டர் ஜெகதீசன் நம் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். மறித்தது தவறு, இனி வரமாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் வழக்கும் போகும், படகும் தப்பும் என்கிறார். உங்களையும் பார்க்க வருவாராம். அடித்தால் தாங்குவீர்கள், மகள் பெயரைச் சொன்னால் இளகிவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம். நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் குழாய் பதிக்க வருகிறார்கள். நம் படகை எடுத்துக்கொண்டு குப்பத்துப் பெண்கள் போகிறோம். நான் முன்னால் உட்காருவேன்.

அதற்கடுத்த மனு நாளில் உங்களைப் பார்க்க நான் வராவிட்டால் பதறாதீர்கள். சினேகாவை அத்தை பார்த்துக்கொள்ளும். வேளைக்குச் சாப்பிடுங்கள். பெண்கள் சிறையும் புழலில்தானே இருக்கிறது, பக்கத்தில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மங்கை