நான் திருப்பித் தராத ஸ்க்ரூடிரைவர்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது உன் ஸ்க்ரூடிரைவரைத்தான். மரப்பிடியில் இன்னும் கிரீஸ் வாடை. பெயின்ட் டின் திறக்க இரண்டு நாளைக்கு என்று உன்னிடம் வாங்கியது. நீ போய்ச் சேர்ந்தே நாலு வருசமாகிவிட்டது. மேலே வரும்போது தருகிறேன், அவசரப்படாதே.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் இதன் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி நிற்பாய். மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் வேலைக்கு வந்தவன் வைத்தியம் பார்க்கிறான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

"என்னடா, ரோலருக்குக் காய்ச்சலா?" என்பேன்.

"கத்துறதுக்கு முந்தி முனகும்டா. ஒனக்கு ஊர்க்கதை கேக்கத்தான் காது" என்பாய்.

அந்தக் காதால்தான் உன் மகளின் வேலையைக் கெடுக்கப் பார்த்தேன்.

பொறியியல் முடித்த பிள்ளையை இரண்டு இடங்களில் அனுபவம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக, விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று வீடியோவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் இல்லை; ஹட்டன் டவுனில் என் போட்டோ கொப்பிக் கடைக்கு வந்தாள். நானும் பெரிய மனுசனாகிப் புத்தி சொன்னேன்: "புள்ள, தேயிலை, தோட்டம்னு வாயத் தொறந்துறாத."

"சரி மாமா. நீங்க மெஷினப் போட்டுறாதீங்க."

அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்க, நான் வாசலில் காவல். செல்லம்மாக்கா முட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "தம்பி, ஒரு கொப்பி போடு. நம்ம கணக்கப்பிள்ளை மகன் ஓடிட்டானாம், தெரியுமா?"

"யார்கூட?"

"மொதல்ல கொப்பி."

பொத்தானை அமுக்கிவிட்டேன். மெஷின் கிரீச்சிட்டது. "அது என்ன சத்தம்?" என்று திரையிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

உன் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நிறுத்தாதீங்க மாமா. இன்னும் பத்துக் கொப்பி போடுங்க." மேசையிலிருந்த இந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். நுனி மெஷினில், பிடி காதில், கண் மூடியிருந்தது. மச்சான், அப்படியே நீ!

"சத்தம் பெல்ட்டிலிருந்து வரவில்லை. இடது பக்க உருளையைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது" என்று திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எப்படித் தெரியும்?" என்றார் திரையில் இருந்தவர்.

"அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார்."

என் புத்திமதி போச்சு. கழற்றிக் காட்டச் சொன்னார்கள். மெஷினை நிறுத்திக் கழற்றினாள். இடது புஷ், எலி கடித்த மாதிரி. திரையில் மூன்று மூக்குகள் நெருங்கி வந்தன. அப்புறம் அரை மணி நேரம் உன் ரோலரைப் பற்றித்தான் பேச்சு.

பத்தாம் நாள் வேலைக் கடிதம் வந்தது. நாற்பது கொப்பி போட்டு ஹட்டன் முழுக்கக் கொடுத்தேன், பஸ் கண்டக்டருக்கும் சேர்த்து. கணக்கப்பிள்ளை மகனை ஊரே மறந்துவிட்டது.

அவள் சிங்கப்பூருக்குப் புறப்படும் நாளில் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். "அப்பா ஒங்ககிட்ட குடுத்தது மாமா. நீங்களே வச்சிக்கங்க" என்றாள். ஆட்டையைப் போட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது தினமும் காலையில் மெஷினில் வைத்துக் கேட்கிறேன். ஒரு மண்ணும் கேட்பதில்லை. இன்று கொப்பி போட வந்த ஒருவர், "என்னங்க, மெஷினுக்குக் காய்ச்சலா?" என்றார்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன், கண்ணைத் திறக்காமல்.