நடுவரியில் ஒரு மூச்சு

மகளே,

நேற்று டிவியில் உன் பேட்டியைப் பார்த்தேன். புதுப் படத்தில் நடித்ததோடு அந்தத் தாலாட்டையும் நீயே பாடினாயாம். பேட்டி எடுத்த பெண் வாயைப் பிளந்தாள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுக்கே உன்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

நான் நடித்து, நானே பாடிய பாட்டு அது. பழைய டேப்பைத் தூசி தட்டி, புது வாத்தியங்களைச் சேர்த்து, பாடியவள் என்று உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சினிமாவில் நான் இருந்த காலத்தில் என் வேஷங்களைப் பறித்தார்கள். உன் அப்பாவையே ஒருத்தி தள்ளிக்கொண்டு போனாள். தொண்டையைத் திருடியவள் நீ ஒருத்திதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் விளக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. "நடுவரியில ஒரு மூச்சு வாங்குறேன் பாருங்க, அது வேணும்னே வெச்சது. ஒரு தாயோட தவிப்பு அதுலதான் இருக்கு" என்றாய்.

பாடத் தெரிந்த எவளும் வரியை அந்த இடத்தில் உடைக்க மாட்டாள். இசையமைப்பாளர் அன்றைக்கு என்னைத் திட்டித் தீர்த்தார். "இன்னொரு டேக் போலாம்மா" என்றார். "இதுக்கு மேல என்னால நிக்க முடியாதுண்ணே" என்றேன். அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த பேட்டியில் யாராவது அந்த மூச்சைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல். எனக்கு அப்போது எட்டாவது மாதம். சரியாக அந்த இடத்தில் நீ உதைத்தாய்.

அந்தப் பாட்டில் உன் பங்கு அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பாடியவள்