கிழிக்கப்படாத ஓடர் துண்டு

என் ஆசை அம்மாவுக்கு,

சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருந்த கதிரையில் இப்போது சித்தி இருக்கிறார். உங்கள் தங்கைக்கும் மார்பில் புற்றுநோய், அம்மா. ஸ்ரௌவ்வில் நகரில் உள்ள தன் வீட்டில் பகலில் தனியே இருக்க வேண்டாம் என்று அப்பா இங்கே கூட்டி வந்துவிட்டார்.

வந்த நாள் தொடக்கம் சித்தி மீன், முட்டை, பருப்பு எதையும் தொடவில்லை. வெறும் கஞ்சிதான். இப்படியே மெலிந்தால் மருந்து ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டி வரும் என்று தாதி சொன்னார்.

"ஏன் சித்தி ஒண்டும் சாப்பிடுறியள் இல்லை?"

"என்ர கட்டியில ஒரு புரதம் கூடிப்போச்சாம். டொக்டர்தான் சொன்னவர். பிறகு நான் மீனைத் திண்டு அதுக்குத் தீனி போடுறதோ?"

உங்கள் கடைசி மாதங்களில் நீங்களும் மீன் தட்டை அப்பாவின் பக்கம் தள்ளிவிடுவீர்கள். வாய் கசந்ததாலா, அம்மா? அல்லது உங்களுக்கும் இந்தப் பயம் இருந்ததா?

நேற்று மருத்துவரிடம் சித்தியோடு நான்தான் போனேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் எதைக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அவர் படம் கீறிக் காட்டினார்.

செல்லின் மேற்பரப்பில் 'வளர்' என்ற செய்தியை உள்ளே அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. ஏற்பி என்கிறார்கள். அதைச் செல்லே செய்கிறது. மீன் சாப்பிடுவதால் அது கூடுவதில்லை. வேலை முடிந்த ஏற்பியைச் செல் அடையாளம் வைத்து, உள்ளே இழுத்து, உடைத்துவிட வேண்டும். சித்தியின் கட்டியில் அது மிதமிஞ்சி இருக்கிறது, இலேசில் உடைபடுவதுமில்லை. உள்ளே இழுத்தாலும் திரும்ப மேலே வந்து 'வளர், வளர்' என்கிறது. ஏற்றப்போகும் மருந்து அதைப் பிடித்து அடக்குமாம். அதை நன்றாக உடைக்கவைக்கும் வழிகளையும் தேடுகிறார்களாம்.

பஸ்ஸில் வரும்போது நான் வேலை செய்யும் கொத்துரொட்டிக் கடையை வைத்துச் சித்திக்குச் சொன்னேன். ஓடர் எழுதிய துண்டைக் கம்பியில் குத்துவோம். சாப்பாடு போனதும் கிழித்தெறிய வேண்டும்.

"கிழிக்காட்டி?"

"கொத்துப் போடுற அண்ணை அதே கொத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்."

"அப்ப நான் திண்ட மீனில பிழையில்லையோ?"

"இல்லை சித்தி. மீன் உங்களுக்குத்தான் தெம்பு."

சித்தி சொன்னார்: "உங்கட கடை மாதிரித்தான் என்ர உடம்பும். துண்டு கிழிக்கிறவன் வேலைக்கு வாறேல்லை." இருவரும் சிரித்தோம். பிறகு மெல்லக் கேட்டார்: "அக்காவுக்கும் இதுதானோ இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை, அம்மா. எல்லாருக்கும் ஒரே வகை இல்லையாம். உங்களுடையது எந்த வகை?

இன்று மத்தியானம் மீன்குழம்பு வைத்தேன். புளி கூடிவிட்டது. "உன்ர அம்மா இப்பிடியோ வைக்கிறவ?" என்று குறை சொல்லிச் சொல்லியே சித்தி தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை முதலாவது மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போவேன். விளங்காததை, குரல் நடுங்கினாலும், விளங்கும்வரை கேட்பேன். உங்கள் தங்கையைப் பயத்தில் பட்டினி கிடக்க விடமாட்டேன்.

உங்கள் பெற்ற மகளும்
சித்தியின் பெறாமகளுமான
கூச்சக்காரி