சுவரோரம் வைத்த தட்டுகள்

நேற்று ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில், நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும் போடியில் உன் வீட்டு மாடி கண்முன் வந்துவிட்டது. உன் மருந்துக் குப்பிகளின் வாசம் அது. நாற்பத்தைந்து வயதுக்காரி ஊசிக்குக் கண் கலங்குகிறாள் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். நீ இறந்துபோய் இரண்டு வருஷமானது அவளுக்கு எப்படித் தெரியும்?

நாம் இருவரும் சேர்ந்து தாவரவியல் படித்தோம். நான் டீச்சரானேன். நீ கல்யாணமாகிப் போய், மாமனாரின் ஹோமியோபதி பெட்டிக்கு வாரிசானாய். மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து, மருந்தே மிஞ்சாத அளவுக்கு நீர்த்த பிறகும் அதில் பயிர் செழித்ததாக எங்கோ படித்துவிட்டு, "நாமளும் செஞ்சு பார்ப்பமா புள்ள?" என்று கேட்டாய். மண்தட்டுகளில் கேழ்வரகு விதைத்தோம். பாதிக்கு மருந்துத் தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். மருந்து குடித்த நாற்றுகள் உயர்ந்து நின்றபோது, மாடியிலிருந்தே உன் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டாய். அவர் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். தேனியில் மாதாமாதம் கூடுகிற ஹோமியோபதிக்காரர்கள் உன்னைப் பேச அழைத்தார்கள். அதுவரை அங்கே ஒரு பெண் பேசியதில்லை.

"போறதுக்கு முந்தி இன்னொரு தடவை வளர்த்துப் பார்த்துருவோம்" என்றதும் நீதான். மறுபடி விதைத்த அன்று மேல்காற்று கணவாய் வழியே இறங்கி, கொடியில் கிடந்த துணியையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தது. நீ சில தட்டுகளைச் சுவரோரம் நகர்த்தினாய்.

"ஏண்டி, அதுகளை மட்டும் எதுக்கு அங்கன வைக்கிற?"

"மருந்து ஊத்துறதுடி. காத்துல சாஞ்சுபோச்சுன்னா?"

சொன்ன பிறகு நீயே அப்படியே நின்றுவிட்டாய். போன தடவையும் அப்படித்தான் வைத்திருந்தாய்.

எல்லாத் தட்டுகளையும் சுவரோரம் வைத்தோம். எல்லாம் ஒன்றுபோலவே வளர்ந்தன.

"காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்துரு" என்றேன்.

"மதிச்சுக் கூப்பிட்டிருக்காக. போகணும்."

நானும் கூட வந்தேன். காற்றையும் சுவரையும் மறைக்காமல் நீ சொல்லி முடித்ததும், டீ வரும் நேரத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இதைச் சொல்லவா போடியிலருந்து பஸ் ஏறி வந்தீக?"

"ஆமாங்கய்யா. வளர்ந்தாத்தான் டீ உண்டுன்னு முன்னாடியே சொல்லலையே நீங்க."

பின்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் உன்னை அழைக்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். தோளைத் தொட்டேன். "வளர்ந்திருக்கலாம்ல" என்றாய்.

உண்மையைச் சொல்லிவிட்டவர்களுக்கும் வருத்தம் மிச்சமிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை, சோதனையில் நினைத்த விடை வராமல் முகம் வாடி நின்றால், பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடிவதில்லை. "வந்திருக்கலாம்ல" என்கிறேன். கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நிற்கிறேன். பிறகு, வந்ததை வந்தபடி எழுதச் சொல்கிறேன்.