துளையைச் சுற்றியுள்ள பாறை

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. லேபில் அழுத்தும் இயந்திரத்தில் வைத்த கட்டியில், துளையின் உச்சியில் அல்ல, இரண்டு பக்கங்களிலும்தான் முதலில் பொடி உதிர்ந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். சொல்லவில்லை.

என் வேலை கட்டி வார்ப்பது. பிளாஸ்டர், மணல், தண்ணீர். நடுவில் எண்ணெய் தடவிய குழாய். இறுகியதும் உருவினால் துளை. கட்டிதான் பாறையாம், துளை சுரங்கமாம். அணு உலைக் கழிவை அப்படி ஒரு சுரங்கத்தில் புதைப்பார்களாம். எங்கே என்று லேபை நடத்தும் சாருக்கே தெரியாது. கட்டி உடைந்த பிறகு மெல்லிய தாள் வைத்து விரிசல்களைப் பென்சிலால் எடுப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுவே அதிகம் என்கிறாள் அம்மா.

லேபில் கூட வேலை செய்யும் மலையாளத்து லீலா சேச்சி: "எடீ செல்வி, வாய் திறந்தா முத்து கொழிஞ்சு போகுமோ?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 4

லேபைப் பார்க்க யாரோ வந்தார்கள். வார்ப்பு அச்சைக் கழுவிக்கொண்டே காதில் வாங்கினேன். சார் அவர்களிடம் சொன்னது: "வெடி வச்சுக் குடையும்போதே பாறைக்குக் காயம் பட்டாச்சு. வெளியே பார்த்தா நல்லா நிக்கும். உள்ளே எவ்வளவு ஆழம் கெட்டுப்போச்சு, அதுதான் சோத்யம், அதுதான் கேள்வி. தண்ணி அந்த வழியாத்தான் வரும்." கழிவு ஆறவே வெகுகாலம் ஆகுமாம். அந்தச் சூடு பாறையை என்ன செய்யும் என்று பார்க்கத்தான் எங்கள் கட்டியின் துளைக்குள் சூடேறும் கம்பி வைக்கிறார்கள்.

இன்று எடுத்த விரிசல்கள் வெங்காயத் தோல் மாதிரி. துளையின் ஓரத்தோடு ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே யோசனை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கப் பாறைமேல் ஏறினேன். பழைய குவாரி அது, வெடி வைத்து வெட்டி அப்படியே விட்ட சுவர். அதன் அடியில்தான் எங்கள் வீடு. மேலே விளிம்போடு ஒட்டி நீளமாய் ஒரு விரிசல் கோடு. விரல் நுழைகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஜூன் 5

அப்பா பக்கத்துப் புதுக் குவாரியில் தமர் அடிப்பவர், வெடி மருந்துக்குக் குழி போடுகிற வேலை. சாப்பிடும்போது அந்த விரிசலைப் பற்றிச் சொன்னேன். பாதிப் பேச்சுதான் வந்தது.

"ஏட்டி, எனக்கே பாறை படிச்சுத் தாறியா? நீ மாவு பிசையுற இடத்துல பேசுறது இந்தப் பாறைக்குக் கேக்குமா?"

அம்மா: "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு மழையில எங்க போக? முதலாளி குடுத்த வீடு. இறங்கினா வேலையும் போச்சு."

தம்பியின் தொட்டில் பாறைப் பக்கப் பின்சுவர் ஓரம். இரும்புக் கொக்கி அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 6

லேப் முற்றத்தில் நிஜக் கருங்கல் ஒன்று உண்டு. அதன் விரிசல் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கிறார்கள். விரிசல் அசைந்தால் சில்லு உடையும்.

சேச்சியிடம் அப்படி ஒரு சில்லு கேட்டேன். நானாகவே.

"கண்ணாடி எதுக்கெடீ? பொட்டு வச்சு நோக்கவா?" சேச்சி இரண்டு கொடுத்தாள், பிளாஸ்டர் பொட்டலமும்.

சாயங்காலம் பாறை விரிசலின் குறுக்கே ஒட்டினேன். அப்பா கீழே நின்று: "பாறைக்கு மூக்குக்கண்ணாடி போடுறா எம் மவ!" பிறகு, "சரி, உடைஞ்சா போலாம் பிள்ளே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் 7

சில்லு நன்றாக இருக்கிறது. இரண்டுமே. மழை இல்லை. அம்மா துணி துவைத்தாள். லேபில் கட்டி ஒன்று சரியாக இறுகவில்லை, திட்டு. ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியோ.

ஜூன் 8, சனி

லீவு. இரவு முழுக்க மழை, இன்னும் விடவில்லை. மத்தியானம் புதுக் குவாரியில் வெடி. பாத்திரங்கள் அதிர்ந்தன. ஏறிப் பார்த்தேன்.

இரண்டும் உடைந்திருந்தன. துண்டுகள் ஒட்டிய இடத்திலேயே, நடுவில் மட்டும் இடைவெளி.

சோற்றுக்கு வந்த அப்பாவிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காக்கா கொத்தியிருக்கும்." கை கழுவிவிட்டு வேலைக்குப் போனார்.

"அப்பா வரட்டும், பேசலாம்" என்றாள் அம்மா. அடுப்பைவிட்டு எழவில்லை.

தொட்டிலிலிருந்து தம்பியை எடுத்தேன். துண்டால் மூடினேன். ரோட்டைப் பார்த்து நடந்தேன். "ஏட்டி செல்வி, பிள்ளைய எங்க கொண்டு போற?" அடுப்பை விட்டு அம்மாவும் அலறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். நான் நிற்கவில்லை.